இருதயத்தில் ஒரு வடு: எம்.ஆர்.ஐ. படம் முன்கூட்டியே சொல்வது என்ன?

"நேத்துக்கூட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தான்!"

முப்பது, நாற்பது வயதில் ஒருவர் திடீரென இறந்துபோன வீட்டில், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை இது. இறந்தவருக்குப் புகைக்கும் பழக்கம் இருந்திருக்காது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு எதுவும் இருந்திருக்காது. பின் எப்படி? 'ஹார்ட் அட்டாக்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். அந்தக் காலத்துத் தோட்ட லயங்களில் என்றால், 'முனி அடிச்சிருச்சு' என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டு பதில்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அடுத்து எழ வேண்டிய கேள்வியை எழவிடாமல் தடுத்துவிடுகின்றன. அந்த வீட்டில் இருக்கும் அண்ணன், தம்பி, பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து இருக்கிறதா? இருந்தால், முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும் என்கிறது இன்றைய மருத்துவம். அதற்கு உதவும் முக்கியமான கருவிகளில் ஒன்று இருதய எம்.ஆர்.ஐ. பரிசோதனை. அது என்ன, எதைக் காட்டுகிறது, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அடைப்பு வேறு, தசை நோய் வேறு

இருதய நோய் என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது 'அடைப்பு'. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்கிறது. இதுதான் மாரடைப்பு. குழாயில் கோளாறு, அதனால் தசை பாதிக்கப்படுகிறது.

தசை நோய் அப்படியல்ல. குழாய்கள் சுத்தமாக இருக்கும். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் அடைப்பே இருக்காது. ஆனால் இருதயத்தின் தசையே கோளாறாக இருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் நன்றாக இருந்து, பம்பே பழுதானால் எப்படியோ, அப்படி.

இந்தத் தசை நோயில் இரண்டு வகைகளை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் வகையில் தசை அளவுக்கு மீறித் தடித்துவிடுகிறது. குறிப்பாக, இருதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் இடையில் உள்ள நடுச்சுவர் தடிக்கும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பொதுமக்களில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக நெடுங்காலமாகக் கணக்கிடப்படுகிறது. பலர் இந்த நோயோடு முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் இருதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிரைப் பறித்துவிடுகிறது.

காற்பந்து ரசிகர்களுக்கு மார்க் விவியன் ஃபோவே நினைவிருக்கும். கெமரூன் நாட்டு ஆட்டக்காரர். 2003 ஜூன் 26ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதி ஆட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில் திடலில் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 28. பிரேதப் பரிசோதனையில் தெரிய வந்தது இந்தத் தசை தடிக்கும் நோய்தான்.

இரண்டாவது வகையில் தசை தளர்ந்து, இருதயம் பலூன்போல் விரிந்துவிடுகிறது. தசையால் இரத்தத்தை அழுத்தித் தள்ள முடியாது. படியேறினால் மூச்சு வாங்கும்; இரவில் மல்லாந்து படுக்க முடியாது; கால் வீங்கும். இதற்குக் காரணங்கள் பல. சிலருக்குப் பரம்பரை. சிலருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும். சில பெண்களுக்குப் பிரசவ காலத்தில் வரும். சில புற்றுநோய் மருந்துகளாலும் வரலாம். நீண்ட காலம் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஒரு முக்கியமான காரணம். மலிவு விலை சம்சு நம் தோட்டத்துக் குடும்பங்களைச் சீரழித்த கதை நமக்குப் புதிதல்ல. கல்லீரல் கெடும் என்று அனைவருக்கும் தெரியும். இருதயத் தசையும் தளரும் என்பது பலருக்குத் தெரியாது. குடியை அடியோடு நிறுத்தினால், இப்படித் தளர்ந்த தசை ஓரளவு தேறவும் வாய்ப்பு உண்டு.

நம் வம்சாவளியில் ஒரு தடயம்

இந்த விஷயத்தில் இந்திய வம்சாவளியினர் கூடுதலாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது.

2009ஆம் ஆண்டில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' என்ற அறிவியல் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்களின் உழைப்பு அது. இருதயத் தசை சுருங்குவதற்குத் துணைநிற்கும் ஒரு புரதத்தின் மரபணுவில், 25 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு சிலரிடம் காணாமல்போயிருப்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். இந்தியாவின் பல இனக் குழுக்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்ததில், 100 பேரில் சுமார் 4 பேரிடம் இந்தக் குறை இருந்தது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது தென்பட்டது. உலகின் மற்றப் பகுதிகளில் அவர்கள் பரிசோதித்த மக்களிடம் காணப்படவில்லை. ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய மாற்றமாக இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள்.

செய்தி வெளிவந்ததும் பல இடங்களில் ஒரு பீதி கிளம்பியது. இந்தியர் என்றால் இருதயம் பலவீனம் என்பதுபோல் பேசினார்கள். அது சரியல்ல. இந்தத் துண்டு இல்லாதவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் இதை இன்னும் தெளிவாக்கின. 25 எழுத்துக் குறை மட்டும் இருந்தால் ஆபத்து அதிகமில்லை என்றும், அதே மரபணுவில் கூடவே வேறொரு மாற்றமும் சேர்ந்துவரும் சிலருக்குத்தான் நோய் வருகிறது என்றும் 2018, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின.

ஆகவே நம் இனத்தில் பிறந்ததாலேயே யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் இளவயதில் இறந்திருந்தால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடவும் கூடாது.

எக்கோ சொல்வதும் சொல்லாததும்

தசை நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து மருத்துவரிடம் குடும்பத்தார் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "உயிருக்கு ஆபத்து இருக்கா டாக்டர்?"

இத்தனை காலமும் இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எக்கோ பரிசோதனையை வைத்தே பதில் சொல்லி வந்தார்கள். ஒலி அலைகளைக் கொண்டு இருதயத்தைப் படம் பிடிப்பது எக்கோ. இருதயம் ஒரு துடிப்பில், தன் இடது கீழறையில் உள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்று அது காட்டும். ஆரோக்கியமான இருதயம் பாதிக்கு மேல் தள்ளிவிடும். அது 35 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கினால், திடீர் மரண ஆபத்து கூடுதல் என்று கருதுவார்கள்.

எக்கோ நல்ல பரிசோதனை. மலிவானது, எங்கும் கிடைப்பது, உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லாதது. முதல் பரிசோதனையாக இன்றும் அதுதான் செய்யப்படுகிறது. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல். 25 விழுக்காடு உள்ள சிலர் பல்லாண்டு வாழ்கிறார்கள். 45 விழுக்காடு உள்ள ஒருவர் திடீரென இறந்துவிடுகிறார். பம்பு எவ்வளவு வேகமாகத் தண்ணீர் இறைக்கிறது என்று அந்த எண் சொல்கிறது. பம்பின் உள்ளே உலோகத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

அந்த விரிசலைத்தான் எம்.ஆர்.ஐ. காட்டுகிறது.

பால்மரத்தில் விழும் காயம்போல

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பால்மரம் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் பட்டை மீண்டும் வளரும். ஆனால் முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்டவும் முடியாது, பாலும் சரியாக வராது. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். கிட்டப்போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தால்தான் காயம் தெரியும்.

இருதயத் தசையிலும் இப்படித்தான். நோயால் தசைநார்கள் மடிந்துபோன இடத்தில் புதுத் தசை முளைப்பதில்லை. நார்போன்ற ஒரு வடு உருவாகிறது. அந்த வடு சுருங்காது, விரியாது. இருதயத் துடிப்பை இயக்கும் மின்சாரமும் அதன் வழியாகச் சரியாகப் பாயாது. மின்சாரம் வடுவைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படிச் சுற்றும்போது சில வேளை அங்கேயே ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுழல ஆரம்பித்துவிடும். அப்போது இருதயம் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல்கூட படபடக்கும். அது துடிப்பாக இருக்காது, வெறும் நடுக்கமாக இருக்கும். மூளைக்கு இரத்தம் போகாது. சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும். 'நல்லாத்தானே இருந்தான்' என்று நாம் சொல்லும் சில மரணங்களுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

எம்.ஆர்.ஐ. இந்த வடுவை எப்படிப் பிடிக்கிறது? கையில் உள்ள நரம்பு வழியாக 'காடோலினியம்' கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். அது இரத்தத்தோடு கலந்து இருதயத் தசைக்குள் போகும். ஆரோக்கியமான தசையிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். வடு விழுந்த இடத்தில் தேங்கி நிற்கும். சுமார் பத்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், நல்ல தசை கறுப்பாகவும் வடு வெள்ளையாகப் பளிச்சென்றும் தெரியும்.

வடு இருக்கும் இடமும் ஒரு கதை சொல்லும். குழாய் அடைப்பால் வந்த வடு, தசையின் உட்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவும். தசை தளரும் நோயில், நடுச்சுவரின் மத்தியில் ஒரு வெள்ளைக் கோடுபோல் ஓடும். வைரஸ் தாக்கிய தசையில் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் இருக்கும். இதனால் நோய் இருக்கிறதா என்பதோடு, எந்த வகை நோய் என்பதையும் மருத்துவர் ஊகிக்க முடிகிறது. ஐரோப்பிய இருதயவியல் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், இருதயத் தசை நோய் உள்ளவர்களுக்குத் தொடக்கப் பரிசோதனையிலேயே எம்.ஆர்.ஐ. செய்யும்படி பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்கள் சொல்லும் உண்மை

வடு இருந்தால் ஆபத்து அதிகம் என்பது வெறும் ஊகமா? இல்லை. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள்.

லண்டன் ராயல் புரோம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், தசை தளரும் நோய் உள்ள 472 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 142 பேருக்குத் தசையின் நடுவில் வடு இருந்தது. 330 பேருக்கு இல்லை. சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வடு இருந்தவர்களில் 100க்கு 27 பேர் இறந்திருந்தார்கள். வடு இல்லாதவர்களில் 100க்கு 11 பேர். திடீர் மரணம், அல்லது கடைசி நிமிடத்தில் காப்பாற்றப்பட்ட திடீர் மரணம் போன்ற சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது. வடு உள்ளவர்களில் 100க்கு 30 பேர். இல்லாதவர்களில் 7 பேர். இந்த முடிவுகள் 2013இல் அமெரிக்க மருத்துவக் கழகச் சஞ்சிகையில் வெளிவந்தன.

அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வு 2017இல் வந்தது. இதில் சேர்க்கப்பட்டவர்கள், எக்கோ எண்ணை மட்டும் பார்த்தால் 'பெரிய ஆபத்து இல்லை' என்று அனுப்பிவைக்கப்படக் கூடியவர்கள். இருதயம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இரத்தத்தைத் தள்ளும் 399 பேர். இவர்களில் வடு உள்ளவர்களில் 100க்கு 18 பேர் திடீர் மரணத்தையோ அதன் விளிம்பையோ சந்தித்தார்கள். வடு இல்லாதவர்களில் 100க்கு இரண்டு பேர்தான். பழைய கணக்கில் ஒரே கூட்டமாகத் தெரிந்தவர்களை, வடு இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

தசை தடிக்கும் நோயிலும் இதே நிலைதான். 1,293 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், இடது கீழறைத் தசையில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வடு உள்ளவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. வடுவே இல்லாதவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடு உள்ள 100 பேரில் 30 பேருக்கு ஆபத்து நேர்ந்தது என்றால், மீதி 70 பேருக்கு அந்தக் காலத்தில் நேரவில்லை. வடு இல்லாதவர்களிலும் சிலருக்கு நேர்ந்தது. படம் யாருடைய நாளையும் குறித்துக் கொடுப்பதில்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கடுமேகம் கூடினால் குடையோடு கிளம்புகிறோம். மழை வந்தே தீரும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனாலும் குடை எடுத்ததில் தவறில்லை.

படம் பார்த்த பிறகு?

ஆபத்து அதிகம் என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? செய்ய ஏதும் இல்லையென்றால், தெரிந்துகொண்டு பயந்து சாவதுதான் மிச்சம் என்று சிலர் கேட்பதுண்டு. செய்ய நிறைய இருக்கிறது.

முதலாவது மருந்து. தசை தளரும் நோய்க்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று இனிப்பு நீருக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மாத்திரை என்பது ஆச்சரியமான செய்தி. வடு குறைவாக உள்ளவர்களுக்கு மருந்தால் இருதயம் தேறும் வாய்ப்பு அதிகம். தசை தடிக்கும் நோய்க்கும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு.

இரண்டாவது, ஐ.சி.டி. எனப்படும் சிறு கருவி. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில் பொருத்துவார்கள். இருதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால், கருவி தானாக உணர்ந்து மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இந்தக் கருவி, 1980இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

ஆனால் கருவியை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. விலை அதிகம், கிருமித் தொற்று வரலாம், தேவையில்லாத நேரத்தில் அதிர்ச்சி கொடுத்து நோயாளியைக் கலங்கடிக்கலாம். டென்மார்க்கில் குழாய் அடைப்பு இல்லாத இருதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,116 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. கருவி பொருத்தியவர்களிடம் திடீர் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த மரணங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்கோ எண்ணை மட்டும் பார்த்து அத்தனை பேருக்கும் கருவி வைப்பதால் பயன் குறைவு என்று இதிலிருந்து தெரிகிறது. யாருக்கு உண்மையிலேயே தேவை என்று பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு வடுவின் படம் பெரிதும் உதவும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இன்றைய நிலையில் வடுவை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. வயது, மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயது மரணம் உண்டா, எக்கோ எண் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிபுணர் முடிவு செய்வார்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது வலிக்குமா?

வலிக்காது. குகைபோன்ற கருவிக்குள் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். 'டக் டக்' என்று பெரிய சத்தம் கேட்கும். காதை மூட ஏதாவது கொடுப்பார்கள். அவ்வப்போது மூச்சை விட்டு, சில விநாடிகள் அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். இருதயம் ஓயாமல் அசைவதால் மூச்சும் அசைந்தால் படம் கலங்கிவிடும். வீட்டிலேயே நாலைந்து நாள் பழகிக்கொண்டு போனால் சுலபமாக இருக்கும். அடைபட்ட இடம் என்றால் பயம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ரேபோல் கதிர்வீச்சு உண்டா?

கிடையாது. காந்த சக்தியைக் கொண்டு எடுக்கும் படம் இது. பொதுவாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் காந்த சக்தி, பூமியின் காந்த சக்தியைவிடச் சுமார் 30,000 மடங்கு பலமானது. அதனால்தான் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள்.

தாலியைக்கூடக் கழற்ற வேண்டுமா?

நம் பெண்கள் தயங்கும் இடம் இதுதான். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் நெஞ்சுக்கு நேராகக் கிடக்கும் உலோகம் படத்தைக் கெடுத்துவிடும். தாலிக்கொடி, மூக்குத்தி, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால், கடைசி நேரத்தில் கண்கலங்க வேண்டியதில்லை.

சிறுநீரகக் கோளாறு இருந்தால்?

கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குப் பழைய வகைக் காடோலினியம் மருந்துகளால் தோல் இறுகிப்போகும் நோய் வந்ததுண்டு. இப்போதுள்ள புதிய வகை மருந்துகளில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. இருந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். புதிய பேஸ்மேக்கர்களில் பல, எம்.ஆர்.ஐ. கருவிக்கு ஏற்ற வகையில் செய்யப்பட்டவை.

தசை நோய் உள்ளவர்கள் காவடி எடுக்கலாமா?

தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கூனோங் சீரோ கல்லுமலைக்கு நடக்கும் பக்தர்கள் ஆயிரமாயிரம். விரதம், வெயில், வியர்வை, தாகம், காவடியின் பாரம் எல்லாம் ஒன்றாகச் சேரும் நாள் அது. தசை தடித்த இருதயம் உள்ள சிலருக்கு, உடம்பில் நீர் வற்றினாலே இரத்தம் வெளியேறும் வழி மேலும் குறுகிவிடும். மயங்கி விழ நேரலாம். ஆகவே நோய் இருப்பது தெரிந்தவர்கள், நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். பால்குடம் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். அதற்கும் நிறையத் தண்ணீரும் நிழலும் கூட ஒருவரும் தேவை.

எங்கே போய் எடுப்பது?

நேராகப் போய் 'எனக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள்' என்று கேட்பதில் அர்த்தமில்லை. அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை. முதலில் அரசாங்கக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் கடிதம் கொடுத்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே எக்கோ பார்த்த பிறகு, தேவை என்றால் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்பாடு செய்வார்கள். இருதய எம்.ஆர்.ஐ. எடுக்கவும் படத்தைப் படிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுவதில்லை. 1992இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் இந்த வசதி உண்டு. எங்கே, எப்போது, செலவு எவ்வளவு என்பதை அனுப்பும் நிபுணரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தாத்தா எதனால் இறந்தார்?

எத்தனை பெரிய கருவி வந்தாலும், அதன் வாசலுக்கு ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கேள்விதான். 'உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருக்கிறார்களா?' என்று மருத்துவர் கேட்பார். அங்கேதான் நாம் விழிக்கிறோம்.

புந்தோங்கில் யாரிடமாவது பூர்வீகம் எது என்று கேட்டுப் பாருங்கள். கச்சாங் பூத்தே வியாபாரத்தில் பெயர்பெற்ற குடும்பங்கள் எட்டயபுரம் வட்டாரம் என்று பெருமையோடு சொல்லும். தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்தக் கங்காணிக்குக் கீழே வேலை செய்தார் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தத் தாத்தா எத்தனை வயதில், எதனால் இறந்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஒருவரே எல்லா நோய்க்கும் மருந்து கொடுத்த காலம் அது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. ஒரே லயத்தில் இருந்த அண்ணன் தம்பிகள் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். பெரியப்பா மகன் முப்பத்தைந்து வயதில் இறந்த செய்தி, சித்தப்பா வீட்டுக்கு வெறும் துக்கச் செய்தியாக வந்து சேர்ந்தது. அது ஓர் எச்சரிக்கை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

தசை தடிக்கும் நோய் பெற்றோரில் ஒருவருக்கு மரபணுக் கோளாறால் வந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கோளாறு வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒருவருக்கு இந்த நோய் உறுதியானதும், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருமுறை சரியாக இருந்தால் போதாது. நோய் எந்த வயதிலும் தலைகாட்டலாம் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

காரணம் தெரியாமல் மயங்கி விழுவது, அதிலும் ஓடும்போதோ விளையாடும்போதோ விழுவது. வேலை செய்யும்போது நெஞ்சு இறுகுவது. காரணமில்லாமல் இருதயம் படபடப்பது. நாளுக்கு நாள் மூச்சு வாங்குவது. இவற்றில் எது இருந்தாலும், கூடவே குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீர் மரணம் நடந்திருந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வெயில் பட்டது, சாப்பிடவில்லை, கண் பட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். திருஷ்டி கழிப்பதைக் கழித்துவிட்டே கிளினிக்குக்குப் போங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அடுத்த கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும்போது, வயதில் மூத்த அத்தையையோ பெரியம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும்போது எடுத்துக் காட்ட அது ஒன்று போதும். அந்தத் தாள் கையில் இருக்கும் குடும்பத்தில்தான், எம்.ஆர்.ஐ. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் நேரத்தோடு முடிவு செய்ய முடியும்.